ஜப்தி வீட்டில் பொங்கிய பால்

என் கணவருக்கு இன்னொருத்தி இருந்தாள். பழனிசெட்டிபட்டியில் எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி, தேக்குக் கதவும் சீமை ஓடுமாக நிமிர்ந்து நின்றாள். நான் சொல்வது ஒரு வீட்டை. ஆனால் வாழ்ந்த எனக்குத்தான் தெரியும், அது வீடா சக்களத்தியா என்று.

தேனியில் பருத்தி மண்டி வைத்திருந்தவருடைய வீடு அது. அவர் மகள் சடங்குக்குப் போனபோது அந்த அடுப்படியைப் பார்த்தேன். நின்றுகொண்டே சமைக்க மேடை, கையெட்டும் தூரத்தில் குழாய், புகை போகக் கூண்டு. மண்டிக்காரர் மனைவி கை நிறைய வளையலோடு அந்த மேடையில் சாய்ந்துகொண்டு, "சாப்ட்டுட்டுப் போங்கத்தா" என்றாள். நானோ வீட்டில் தரையில் குந்தி, ஊதுகுழலை ஊதி ஊதிக் கண் சிவந்தவள். அன்றைக்கு அவள் போட்ட சாப்பாடு எனக்குச் செரிக்கவே இல்லை.

எழுபதுகளில் ஒரு வருடம் பருத்தி விலை படுத்தது. மண்டி நொடித்துப்போனது. வீட்டின் மேல் வாங்கிய கடனுக்காக கூட்டுறவு பேங்க் வீட்டை ஜப்தி செய்து பூட்டியது. புருசனும் பெண்டாட்டியும் கடமலைக்குண்டில் அவளுடைய அண்ணன் வீட்டுக்குப் போனார்கள். அவள் வண்டி ஏறியதைப் பார்த்தபோது எனக்குப் பாவமாகத்தான் இருந்தது. பாதி பாவம், பாதி 'நல்லா வேணும்'. உள்ளதைச் சொல்வதற்கு என்ன?

என் கணவர் அந்த பேங்க்கில் கிளார்க். பக்கத்தில் குடியிருப்பவர் என்று சாவியை இவரிடம் கொடுத்துவிட்டார்கள். ஏலம் போகும்வரை வீட்டைப் பழுதில்லாமல் காப்பாற்ற வேண்டும், கைக்காசைப் போட்டுச் செலவு செய்துவிட்டு ரசீது வைத்தால் ஏலம் முடிந்ததும் பணம் வரும் என்றார் பேங்க் செயலாளர். அவ்வளவுதான். அன்று இடுப்பில் ஏறிய சாவி தூங்கும்போதுகூட இறங்கவில்லை.

காலையில் ஆபீசுக்கு முன்னால் ஒரு நடை, சாயங்காலம் ஒரு நடை. கதவுக் கீலுக்கு எண்ணெய் போடுவார். கரையான் ஏறுகிறதா என்று சுவரைத் தடவித் தடவிப் பார்ப்பார். பூட்டிக் கிடந்தால் கெட்டுவிடும் என்று கிணற்று மோட்டாரை ஓடவிட்டு, வந்த தண்ணீரை மல்லிகைக் கொடிக்குப் பாய்ச்சுவார். என் அடுப்படியோ மழை வந்தால் நாலு இடத்தில் சொட்டும். "ஒரு ஓட்ட மாத்துங்களேன்" என்றால், "பாப்போம்." கல்யாணமான நாளிலிருந்து அந்தப் 'பாப்போம்' மாறவே இல்லை.

"எங்க கெளம்பிட்டீக?" என்று ஒருநாள் கேட்டேன்.

"வீட்டுக்கு" என்றார், செருப்பை மாட்டிக்கொண்டே.

"அப்ப இது என்ன, சத்திரமா?"

இடுப்புச் சாவியைத் தடவிப் பார்த்துக்கொண்டே படியிறங்கிப் போய்விட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஐப்பசியில் அடித்த காற்றில் பக்கத்துத் தென்னை முறிந்து அந்த வீட்டுக் கூரையில் விழுந்தது. ஒரு பக்கத்து ஓடு முழுக்க நொறுங்கிவிட்டது. நனைந்தால் தேக்கு உத்தரம் வீணாகும், உடனே ஓடு போடு, கணக்கை ஏலத்துக்குப் பிறகு பார்ப்போம் என்றது பேங்க். எங்களிடம் ஏது அவ்வளவு பணம்? இவர் என் கையைப் பார்த்தார். என் அம்மா போட்டுவிட்ட ஜோடி வளையல் கிடந்த கை.

"ஏலம் முடிஞ்ச மறுநா மீட்டுத் தந்துருவேன்."

"அவளுக்கு ஓடு போட என் வளையலா? எனக்கு ஒழுகுறது கண்ணுக்குத் தெரியல, அவளுக்கு ஒரு சொட்டு விழக்கூடாதாக்கும்?"

"இது ஆபீஸ் வேல, புரிஞ்சுக்க."

கழற்றி எறிந்தேன். ஒன்று அண்டாவுக்கு அடியில் உருண்டது. குனிந்து தேடி எடுத்துக்கொண்டு போனார் மனுசன்! அடகுக்கடைக்காரர் பங்குனி வரை கெடு கொடுத்தார். அதற்குள் மீட்காவிட்டால் நகை முழுகிப்போகும். வெறுங்கையோடு குழாயடிக்குப் போக எனக்கு உடம்பு கூசியது.

ஓடு போட்டு, ஏலத்துக்கு வருகிறவர்கள் பார்க்க லட்சணமாக இருக்கட்டும் என்று வெள்ளையடிக்கவும் ஆள் விட்டார். அந்த வாரத்தில்தான் ஒருநாள் குழாயடியில் எதிர்வீட்டுக்காரி என் தோளை இடித்தாள்.

"ஏக்கா, பால் காச்சிட்டீகளாமே! எங்களுக்கு ஒரு சொல்லு இல்லையே?"

"எங்கனடி?"

"தெரியாதமாதிரி கேக்கீகளே. ஜப்தி வீட்டுலதான். பால் பொங்கி வழிஞ்சத மாவு மில்லுக்காரம்மா சன்னல் வழியா பாத்திருக்காக. உங்க வீட்டுக்காரகதான் பக்கத்துல நிண்டாகளாம்."

எங்கள் பக்கத்தில் காலியான வீட்டில் அடுப்பு மூட்டிப் பால் பொங்கவிட்டால் குடி புகுந்தாயிற்று என்று அர்த்தம். எந்த ஆம்பிளையும் தனியாகப் பால் காய்ச்ச மாட்டான். அடி ஆத்தே, நிஜமாகவே ஒருத்தி இருக்கிறாளா? குடத்தை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன்.

"எவளுக்குப் பால் காச்சினீக?" என்று வாசலிலேயே கத்தினேன்.

உள்ளே இவரும், தலையெல்லாம் சுண்ணாம்பாக இரண்டு வெள்ளையடிக்கிற ஆட்களும் தம்ளரும் கையுமாக உட்கார்ந்திருந்தார்கள். டீக்கடைக்கு அனுப்பினால் போனவர்கள் திரும்ப மாட்டார்கள் என்று, இவரே ஸ்டவ் வாங்கி வைத்து டீ போட்டிருக்கிறார். அந்த மேடையில், அந்தக் குழாய்க்குப் பக்கத்தில். பொங்கிய பால் மேடையெல்லாம் வழிந்து கிடந்தது.

"டீ சாப்புடுறீகளா தாயி?" என்றார் ஒரு ஆள், பயந்துபோய்.

பெண் யாரும் இல்லை என்றதும் கோபம் இரண்டு மடங்காகிவிட்டது. "நான் காச்சல்ல கெடந்தப்ப ஒரு வாய் சுடுதண்ணி வச்சுத் தந்தீகளா? இங்கன டீ போடுறீகளோ டீ?" என்றேன். "நீங்க குடிவந்துட்டீகன்னு ஊரே பேசுது."

"டீக்குப் பால் காச்சுனா குடிவந்ததா? போடி" என்று சிரித்தார்.

ஏலத்தன்று அந்தச் சிரிப்பு காணாமல் போனது. தண்டோரா போட்டும் காக்கா குருவிகூட வரவில்லை. "பேங்க்காரக பால் காச்சிட்டாக, அடுத்தவன் அடுப்ப அணைச்சு நாம வாங்கணுமா?" என்று உத்தமபாளையத்திலிருந்து வந்தவர்கள்கூட பஸ் ஏறிவிட்டார்கள். மறு ஏலமும் அப்படியே. இவர் வீடுவீடாகப் போய் டீ கதையைச் சொன்னார். யார் நம்பினார்கள்? வீடு விற்காமல் செலவுப் பணம் கிடையாது என்று பேங்க் கையை விரித்துவிட்டது. மாசி பிறந்தது. நான் தினமும் காலையில் காப்பியோடு சேர்த்துக் கேட்டேன்: "என் வளையல் எங்க?" முகத்தில் ஈயாடாமல் உட்கார்ந்திருப்பார்.

ஏலம் தள்ளித் தள்ளிப் போனதில் மண்டிக்காரர் மனைவிக்கு மூச்சுவிட நேரம் கிடைத்துவிட்டது. அவளுடைய அண்ணன் தோப்பை விற்று, கடன், வட்டி, காவல் செலவு எல்லாம் கட்டி வீட்டை மீட்டுக் கொடுத்தார். என் புருசன் காய்ச்சிய பால் அவளுக்குப் பொங்கியது!

பேங்க்கும் ஒருவழியாகப் பணம் கொடுத்தது, வெட்டித்தான். கூரையில் ஏறிய ஓட்டுக்கு மட்டும்தான் காசாம். உடைந்தால் இருக்கட்டும் என்று இவர் கூடுதலாக வாங்கிய ஓட்டுக்கும், ஸ்டவ்வுக்கும் கிடையாதாம். 'மிச்ச ஓட்டை நீரே எடுத்துக்கொள்ளும்' என்றுவிட்டார் செயலாளர். வந்த பணம் போதவில்லை. ஒரு வளையலை அடகுக்கடைக்காரருக்கே விற்று இன்னொன்றை மீட்டோம். மிச்ச ஓடு மாட்டுவண்டியில் வந்து எங்கள் கொல்லையில் இறங்கியது. அம்மாவின் வளையல் ஓடாக வந்திருக்கிறதே என்று அதன்மேல் உட்கார்ந்து அழுதேன்.

மண்டிக்காரர் மனைவி புதிதாகப் பால் காய்ச்ச எங்களை அழைத்தாள். போகாமல் இருந்தால் வயிற்றெரிச்சல் என்பார்கள். அதனால் போனேன், வளையல் இல்லாத கையை முந்தானையில் சுருட்டி மறைத்துக்கொண்டு. இவர் அவளுக்கு அறை அறையாகக் காட்டினார். இந்தத் தாழ்ப்பாளைக் கொஞ்சம் தூக்கித் தள்ளணும், இந்த மூலையில் கரையானுக்கு மருந்து வச்சிருக்கேன், மல்லிகைக்கு இந்தப் பக்கம் தண்ணி விடணும். என்னிடம் ஒரு வருசத்தில் பேசாத பேச்சு. அவள் வாயைப் பிளந்து கேட்டாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"எங்க வீட்டுக்காரக இத்தன வருசத்துல இந்த வீட்டுல ஒரு ஆணி அடிச்சதில்ல. உங்க வீட்டையும் இப்படித்தான் பாத்துக்கிருவாகளா? கொடுத்து வச்சவக நீங்க."

அவள் கண்ணைப் பார்த்தேன். அதில் இருந்தது பொறாமை. எனக்குத் தெரியாதா அது? எத்தனை வருசமாக நான் வளர்த்தது.

"ஆமாக்கா" என்றேன். "எங்க வீட்ட விட்டு அங்கிட்டு இங்கிட்டு நகர மாட்டாக."

இவர் தலையைக் குனிந்துகொண்டார். வீட்டுக்கு வந்ததும், நான் ஒன்றும் கேட்காமலே, சாவி இல்லாத இடுப்பில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏணியைச் சாத்தினார். கொல்லையில் கிடந்த ஓட்டை ஒவ்வொன்றாக நான் எடுத்துக் கொடுக்க, என் அடுப்படிக்கு மேலே ஏறி உட்கார்ந்து உடைந்ததை எல்லாம் மாற்றினார்.

"வேற எங்கெங்க ஒழுகுது?" என்று மேலேயிருந்து குரல் கேட்டது.

இந்த வீட்டைப் பற்றி அவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி அது. "அங்கன... இந்தா, இங்கன..." என்று ஒற்றை வளையல் கையை நீட்டி, ஒழுகாத இடத்தையெல்லாம் சேர்த்துக் காட்டினேன்.