அண்ணன் சொன்ன காரணங்கள்

நாகல் நகரில் ஒரு மாடி வீட்டில் தனியாக இருக்கிறேன். கணவர் இறந்துவிட்டார். மகள் வேலைக்காக வெளிநாடு போய்விட்டாள். பெண்கள் கல்லூரி ஒன்றில் ஆங்கில இலக்கியம் நடத்துகிறேன். நாள் முழுக்க வகுப்பில் பேசிவிட்டு ஆட்டோவில் வீடு வந்து சேர்ந்தால், மறுநாள் காலை பால்காரரிடம்தான் அடுத்த வார்த்தை.

ஞாயிற்றுக்கிழமைகளில் அண்ணன் போன் செய்வார். நெய்க்காரப்பட்டிக்கு வெளியே, தென்னந்தோப்புக்குள் நாங்கள் பிறந்த வீட்டில் இருக்கிறார். அண்ணி போன ஆடியில் இறந்துபோனார். பிள்ளைகள் இல்லை. ஒவ்வொரு தடவையும் என்னை அங்கேயே வந்துவிடச் சொல்வார். அங்கே தண்ணீர்க் கஷ்டம் இல்லை, பழனியிலிருந்து பஸ் இருக்கிறது, வேலையை விட வேண்டாம் என்பார். அது எடுபடாவிட்டால், என்னைப் பார்த்துக்கொள்ளும்படி அப்பா சொல்லிவிட்டுப் போனதை எடுப்பார். பிறகு, நான் ஒத்தையில் கிடப்பதை நினைத்தால் சோறு இறங்கவில்லை என்பார். நான் ஏதோ சொல்லி மழுப்பிவிடுவேன். அவருக்கு என் மேல் இரக்கம் என்று நினைத்திருந்தேன். அந்த இரக்கம் எனக்குப் பிடிக்கவும் இல்லை.

இந்தப் பருவத்தில் ஒரு சிறுகதை பாடமாக வந்தது. அதில் ஒரு கிழவர், தன் கிணற்றுக்குத் தண்ணீர் எடுக்க வரும்படி பக்கத்து வீட்டுக்காரரைத் தினமும் கூப்பிடுகிறார். கிணறு பக்கம்தானே என்கிறார். தன் தாத்தா வெட்டிய கிணறு, நம்பிக் குடிக்கலாம் என்கிறார். உன் மனைவி அவ்வளவு தூரம் சுமந்து வருவது பாவம் என்கிறார். நியாயம், நம்பிக்கை, உணர்ச்சி என்று ஒருவரை இணங்க வைக்கும் வழிகள் மூன்றையும் அதில் காட்டிக்கொண்டிருந்தேன். கன்னிவாடியிலிருந்து வருகிற ஒரு மாணவி எழுந்தாள்.

“தண்ணிக்கு எதுக்கு மேடம் இம்புட்டுக் காரணம் சொல்றாரு?”

நீ என்ன நினைக்கிறாய் என்று கேட்டேன்.

“அவருக்குப் பேச ஆள் வேணும் மேடம். அதை மட்டும் அவரு சொல்லவே இல்ல.”

எழுதாததை எழுதியதிலிருந்து அறிவது என்று நான் அன்றைக்குச் சொல்லித் தரவிருந்ததே அதுதான். சரி என்று சொன்னேன். அதற்கு மேல் பாடம் ஓடவில்லை. மீதியை வாசிக்கச் சொல்லிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். காதில் அண்ணன் குரல்தான் கேட்டுக்கொண்டிருந்தது.

சனிக்கிழமை சொல்லாமல் கொள்ளாமல் பஸ் ஏறினேன். தோப்பு வீட்டில் கூடத்தில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. சமையலறையில் ரேடியோவும் பாடிக்கொண்டிருந்தது. இரண்டையும் கேட்க ஆள் இல்லை. அண்ணன் கொல்லையில் நின்று, அண்ணியின் சேலை ஒன்றைப் பிழிந்து கொடியில் போட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், பீரோவில் கிடந்து வாடை அடித்தது, அதான் அலசினேன் என்றார்.

சாப்பிட உட்கார்ந்ததும் பழைய காரணங்களை மறுபடி ஆரம்பித்தார். பஸ், தண்ணீர், அப்பா. நான் குறுக்கிட்டேன்.

“அண்ணா, எனக்கு அங்க ஒத்தையில இருக்க முடியலீங்க.”

அவர் வாயால் சொல்ல வேண்டிய வேலையை மிச்சப்படுத்தலாம் என்றுதான் அப்படிச் சொன்னேன். நான் சொன்னது பொய்யில்லை என்பது சொல்லி முடித்தபோதுதான் எனக்கே தெரிந்தது.

அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

“எனக்கும்தான் கண்ணு,” என்றார்.

தினமும் அவ்வளவு தூரம் போய்வர என்னால் ஆகாது. அவரால் தோப்பை விட்டு வர முடியாது. சனிக்கிழமை போய் திங்கள் விடியலில் திரும்புகிறேன். மற்ற நாட்களில் மாடி வீடு எப்போதும் போலத்தான் இருக்கிறது. இப்போது நடுவாரத்தில் அண்ணன் போன் செய்கிறார். காரணம் எதுவும் சொல்வதில்லை. என்ன குழம்பு என்று கேட்பார், சொல்வேன். அதற்கப்புறம் இருவருக்கும் பேச எதுவும் இருக்காது. ஆனாலும் செத்த நேரம் யாரும் போனை வைப்பதில்லை.