சங்கு ஊதினால்தான் சாலை

ஊரில் இருக்கும் நீங்கள் சாலையைக் கடக்க இரு பக்கமும் பார்ப்பீர்கள். ரயில்வே வேலைக்காக வடக்கே வந்த நாங்கள் லாலாகுடாவில் காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறோம். மாலையில் ரயில்வே ஒர்க்‌ஷாப்பின் சங்கு ஊதியதும் வாசலிலிருந்து சைக்கிள்கள் வெள்ளமாகப் புறப்படும். லாரியும் டபுள் டெக்கர் பஸ்ஸும் ஒதுங்கி வழிவிடும். சிக்னலும் இல்லை, வெள்ளைக் கோடும் இல்லை, கூட்டம்தான் எல்லாம். மன்னார்குடித் தெருக்களில் தனிக்காட்டு ராஜாவாகச் சைக்கிள் விட்ட எனக்கு, ஆட்டு மந்தையில் அகப்பட்டதுபோல் முதலில் வெட்கமாக இருந்தது. பிறகு பக்கத்து குவார்ட்டர்ஸ்காரர் ஒருநாள் பர்மிஷன் போட்டுத் தனியாகக் கிளம்பி, லாரியில் அடிபட்டுக் காலை முறித்துக்கொண்டார். மாசமாக இருந்த என் மனைவி ஜானகி, கூட்டத்தோடுதான் வருவேன் என்று என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டாள்.

அந்தச் சத்தியத்தைக் கெடுத்தது பாதுகாப்பு வாரம். பட்டறைக்குள் மஞ்சள் கோட்டைத் தாண்டாமல் நடப்பவன் என்று எனக்குப் பரிசு கொடுத்தார்கள். அந்தக் கோடு வாசலோடு முடிந்துவிடுகிறது என்பது யாருக்கும் உறைக்கவில்லை. சங்கு ஊதியது, கூட்டம் போயிற்று, பாதுகாப்பைப் பற்றிய அதிகாரியின் பேச்சு மட்டும் நின்றபாடில்லை.

பரிசாகக் கிடைத்த டிபன் கேரியரோடு வெளியே வந்தால், சாரிசாரியாக லாரிகள். ஓரமாக நின்ற போலீஸ்காரரிடம் எப்போது கடக்கலாம் என்று கேட்டேன்.

"கித்னே லோகாங் ஹை?"

எத்தனை பேர் என்கிறார். குடும்பத்தை விசாரிக்கிறார் என்று நினைத்து, பிறக்கப்போகும் பிள்ளையையும் சேர்த்து மூன்று பேர் என்றேன். அவர் என் முதுகுக்குப் பின்னால் மற்ற இருவரைத் தேடினார்.

"தீன்? நக்கோ. ருக்கோ."

மூன்று பேர் போதாதாம், நிற்கச் சொன்னார். ஜானகி ஜன்னலில் நிற்பாளே! நல்லவேளை, பேண்டு வாத்தியத்தோடு ஒரு கல்யாண ஊர்வலம் வந்தது. மாப்பிள்ளையின் குதிரை வாலைப் பிடிக்காத குறையாகச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கடந்தேன்.

வீட்டு வாசலில் அழுத முகத்தோடு நின்ற ஜானகி, டிபன் கேரியரைத் திரும்பியும் பார்க்கவில்லை.

"இனிமே பரிசு கிரிசுன்னு எதையும் வாங்காதீங்க."

அவளைப் பிரசவத்துக்கு விட மன்னார்குடிக்குப் போயிருந்தபோது, அண்ணனின் சைக்கிளில் கடைத்தெருவுக்குக் கிளம்பினேன். முச்சந்தியில் ஒரு மாட்டுவண்டி மட்டும் அசைந்து போய்க்கொண்டிருந்தது. பின்னால் நடந்து வந்த அண்ணன் என்னைப் பார்த்து நின்றார்.

"யாருக்குடா காத்திருக்கே?"

ஒரு கால் பெடலிலும் ஒரு கால் சொந்த ஊர் மண்ணிலுமாக, லாலாகுடாக்காரர்கள் வந்து சேரட்டும் என்று நின்றிருந்தேன்.