தகப்பன்மாரை வெளியே உட்கார வைத்த எங்கள் அண்ணன்

எங்கள் அண்ணன் மறைந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருப்பவர்களில் பாதிப் பேராவது ஏதோ ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அவரிடம் ஏச்சு வாங்கியவர்கள். ஆகவே, அவர் சாந்தமே உருவானவர், அதிர்ந்து பேசாதவர் என்று என்னால் எழுத முடியாது. எழுதினால் நீங்களே சிரிப்பீர்கள். அவர் அதிர்ந்துதான் பேசினார். அதற்கு ஒரு காரணம் இருந்தது. நான் நாள் தவறாமல் டயரி எழுதுகிறவன் என்பதால், நடந்ததை நடந்த வரிசையில் எழுதும் பொறுப்பை வீட்டார் என்னிடம் விட்டார்கள்.

அண்ணன் வட்டகொடைக்கு மேலே உள்ள தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். அம்மா கொழுந்தெடுத்தார். அப்பாவுக்குத் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை. வீட்டில் அண்ணன் மூத்தவர், நான் நடுவில், தங்கச்சி கடைசி. அண்ணனுக்கும் தங்கச்சிக்கும் இருந்த வயது வித்தியாசத்தைப் பார்த்து, பாடசாலைக் கூட்டங்களில் அவரை அவளுடைய தகப்பன் என்றே பலர் நினைத்தார்கள்.

குப்பி விளக்கில் படித்து, மழையில் நனைந்து பாடசாலைக்கு நடந்து, அண்ணன் உயர்தரப் பரீட்சையில் தேறிப் பல்கலைக்கழகத்துக்குத் தெரிவானார். எங்கள் தோட்டத்தில் அவர்தான் முதல் ஆள். அந்தச் சமயத்தில்தான் தோட்டப் பாடசாலைகளுக்கு ஆசிரியர் நியமனமும் வந்தது. அப்பாவும் பெரியப்பாவும் தோட்டத் தலைவரும் கோயில் வாசலில் கூடிப் பேசினார்கள்.

"படிச்சு முடிச்சுட்டு வந்து வாத்தியாராத்தானே போகப் போறான்? அதுக்கு இப்பவே போகட்டுமே" என்றார் பெரியப்பா.

பேச்சு அத்துடன் முடிந்தது. தலைவர் அண்ணனுக்கு மாலை போட்டார். அண்ணன் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார். அவரிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. நல்ல ஆசிரியராக இறுதிவரை பணிசெய்தார். விருப்பமில்லாமல்தான் போனேன் என்று ஒருநாளும் சொன்னதில்லை. ஆனால் யாராவது பல்கலைக்கழகப் பேச்செடுத்து "கம்பஸ்" என்று சொல்லிவிட்டால் அவர் குரல் உயர்ந்துவிடும்.

தொண்ணூறுகளின் நடுவில் தங்கச்சிக்கும் அதே நிலைமை வந்தது. பல்கலைக்கழக அனுமதியும் கிடைத்தது, ஆசிரியர் நியமனத்துக்கான நேர்முகப் பரீட்சைக் கடிதமும் வந்தது. எங்கள் வீட்டில் நடந்த சண்டை பக்கத்து லயத்து வரிசை வீடுகள்வரை கேட்டது.

"பொம்பளப் புள்ள. வீட்டுலயே இருந்து பள்ளிக்கூடம் போயிட்டு வரலாம்" என்றார் அப்பா.

"என்னையும் இப்படித்தான் சொன்னீங்க" என்றார் அண்ணன்.

"ஒனக்கு இப்ப என்னா கொறஞ்சு போச்சு?"

"சொன்னா ஒங்களுக்கு வெளங்காது."

"நீங்க ரெண்டு பேரும் கத்துனதுல ரொட்டி கருகிப் போச்சு" என்றார் அம்மா.

ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தவள் தங்கச்சி. அவள் வாயே திறக்கவில்லை. அண்ணன் வென்றார். என்ன பாடம் எடுப்பது, எந்த விடுதியில் தங்குவது என்பதையும் அவரே தீர்மானித்தார்.

அடுத்து நடந்ததை நினைத்தால் எனக்கு இன்றும் எரிச்சல் வருகிறது. எங்கள் லயத்து மக்களுக்குத் தெரிந்த ரயில் பயணம் ஒன்றுதான். அந்தக் காலத்தில் குடியுரிமை ஒப்பந்தப்படி இந்தியாவுக்கு அனுப்பப்பட்டவர்களை வட்டகொடை ஸ்டேஷனில் கோச்சி ஏற்றிவிட்ட பயணம். போனவர்கள் திரும்பி வரவில்லை. அதே முறையில்தான் தங்கச்சியையும் வழியனுப்பினார்கள். வீட்டுக்கு வீடு ஏதாவது கொண்டுவந்தார்கள். அவித்த மா, கருவாடு, கட்டசம்பல், பருப்பு, தேயிலைத்தூள். ஒரு டிரங்குப் பெட்டி நிறைந்து, ஒரு சாக்கும் நிறைந்தது. ஸ்டேஷன் மேடையில் பெரியம்மா தங்கச்சியின் கழுத்தைக் கட்டிக்கொண்டு ஒப்பாரியே வைத்துவிட்டார்.

"பெரியம்மா, அவ என்னா இந்தியாவுக்கா போறா? கண்டிப் பக்கம் போறா! லீவு விட்டா வந்துருவா!" என்று அண்ணன் தலையில் அடித்துக்கொண்டார்.

"போற புள்ளய அழுவாம அனுப்புனா நல்லாவா இருக்கும்?" என்று பெரியம்மா மூக்கைச் சிந்திக்கொண்டு மீண்டும் தொடங்கினார்.

லீவு விடுமுன்பே தங்கச்சி வந்துவிட்டாள். வகுப்புகள் தொடங்கி அதிக நாள் ஆகவில்லை. அது ஒரு வெள்ளிக்கிழமை, நல்ல மழை. ஸ்டேஷனில் இருந்து ஓர் ஆளைப் பிடித்துப் பெட்டியைத் தூக்கி வந்திருந்தாள். "இனிப் போக மாட்டேன்" என்று மட்டும் சொன்னாள். அப்பா அலுமாரியில் பத்திரமாக வைத்திருந்த நேர்முகப் பரீட்சைக் கடிதத்தை எடுத்தார். பரீட்சை வருகிற திங்கட்கிழமை. இவ்வளவு சரியாக நாள் அமைந்ததில் அவருக்குப் பெருமை வேறு.

அண்ணன் பாடசாலை விட்டு, கையில் சுண்ணக்கட்டித் தூளோடு வந்தார். குடையை மடக்குமுன்பே தொடங்கிவிட்டார். முதல் வருடம் அப்படித்தான் இருக்கும், ஆங்கிலம் போகப் போகப் பழகும், இந்தச் சந்தர்ப்பம் எத்தனை பேருக்குக் கிடைக்கும் என்று ஒரே மூச்சில் சொல்லிக்கொண்டே போனார்.

தங்கச்சி பெட்டியின் மேல் இருந்தபடியே கத்தினாள். "அப்பா வாத்தியாராப் போங்கிறாரு. நீங்க கம்பஸுக்குப் போங்கிறீங்க. ரெண்டு பேருல யாராச்சும் என்னயக் கேட்டீங்களா?"

அண்ணன் பேச்சை நிறுத்தியதை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். சற்று நேரம் தம் கையில் இருந்த சுண்ணக்கட்டித் தூளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அப்பாவிடம் திரும்பினார்.

"அப்பா, நீங்க கொஞ்சம் வெளிய இருங்க."

"மழை பேயுதுடா!"

"இஸ்தோப்புல நனையாது. தம்பி, நீயும் போ."

நாங்கள் இருவரும் இஸ்தோப்பு என்கிற வெளித் திண்ணையில் போய் உட்கார்ந்தோம். லயத்து வீட்டில் வெளியே உட்கார்ந்தாலும் உள்ளே பேசுவது அத்தனையும் கேட்கும். அண்ணனுக்கும் அது தெரியும்.

"படிப்பு புடிக்கலையா?" என்று அண்ணன் கேட்டார்.

"புடிச்சிருக்கு. புவியியல் லெக்சர்ல நம்ம மலையத்தான் போர்டுல வரைஞ்சாங்க. நம்ம பக்கம் ஏன் இவ்வளவு மழை பேயுதுன்னு சொன்னாங்க. எனக்கு அதக் கேட்டுக்கிட்டே இருக்கலாம் போல இருந்துச்சு."

"அப்பறம் என்னா?"

"பேசுறதுக்கு ஒருத்தரும் இல்ல."

"ரூம்ல புள்ளைங்க இல்லியா?"

"இருக்காங்க. எல்லாரும் சேர்ந்து கன்டீனுக்குப் போவாங்க. அங்கதான் எல்லாம் பேசிக்குவாங்க. நான் போறதில்ல."

"ஏன் போறதில்ல?"

"பெட்டி நெறைய சாமான் இருக்கே! வீணாப் போகுமே! லயமே சேர்ந்து குடுத்தது. ரூம்ல தனியா ஒக்காந்து மாவக் கொழைச்சுத் தின்னுட்டுப் படுத்துருவேன். யாழ்ப்பாணத்துப் புள்ள ஒண்ணு, 'வாருமன், சேந்து சாப்பிடுவம்'னு தெனமும் கூப்புட்டுச்சு. அப்பறம் அதுவும் கூப்புடுறத விட்டுருச்சு."

பிறகு, "அட கடவுளே! கருவாட்டக் காப்பாத்துறதுக்காகவா படிப்ப விட்டுட்டு வந்த?" என்று அண்ணன் கத்தியது கீழ் லயம்வரை கேட்டிருக்கும். இஸ்தோப்பில் அப்பாவே சிரித்துவிட்டு, உடனே முகத்தை மாற்றிக்கொண்டார்.

அதன் பிறகு அண்ணன் கேட்டது இவ்வளவுதான். "திங்கக்கெழம எங்க போற? நீயே சொல்லு. நான் வாயத் தொறக்க மாட்டேன்."

சொன்னபடியே அவர் வாயைத் திறக்கவில்லை. தகரத்தில் மழை விழுகிற சத்தம் மட்டும் கேட்டது. பக்கத்தில் அப்பா கடிதத்தை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தார். இவள் இப்போதும் பேசாமல் இருந்துவிட்டால் அப்பாவே திங்கட்கிழமை கூட்டிக்கொண்டு போய்விடுவார் என்பது எனக்குத் தெரியும். அண்ணனுக்கும் தெரிந்திருக்கும். அப்படியும் அவர் பொறுத்திருந்தார்.

"கம்பஸுக்குப் போறேன். ஆனா அந்தப் பெட்டி வேணாம்" என்றாள் தங்கச்சி.

திங்கட்கிழமை ஸ்டேஷனில் அவளிடம் ஒரு தோள்பைதான் இருந்தது. அண்ணனுக்குச் சந்தேகம். பையைத் திறந்து பார்த்தார். உடுப்புகளுக்கு நடுவே ரொட்டியும் கருவாடும் தேயிலைத்தூளும். "அம்மா!" என்று அவர் போட்ட சத்தத்தில் மேடையில் இருந்த எல்லோரும் திரும்பினார்கள். அம்மா மலையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அண்ணன் ரொட்டியைக் கோச்சிக்குக் காத்திருந்தவர்களுக்குக் கொடுத்துவிட்டு, கருவாட்டை என் கையில் திணித்தார். தேயிலைத்தூள் பொட்டலத்தை மட்டும் பைக்குள் திருப்பி வைத்தார்.

"இது இருக்கட்டும். ஆனா தனியாக் குடிக்காத."

தங்கச்சி தனியாகக் குடிக்கவில்லை. அடுத்த விடுமுறையில் அந்த யாழ்ப்பாணத்துத் தோழியே எங்கள் வீட்டுக்கு வந்து, அம்மாவின் கட்டசம்பலை இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். தங்கச்சி புவியியல் பட்டம் பெற்று, இன்று ஹட்டன் பக்கம் உயர்தர வகுப்புகளுக்குப் படிப்பிக்கிறாள். "சுத்திக்கிட்டு வந்து அதே வாத்தியார் வேலதானே?" என்று அப்பா இப்போதும் கேட்கிறார். "ஆமாப்பா, ஆனா நானே கேட்டுப் போனது" என்று அவளும் இப்போதும் பதில் சொல்கிறாள். இந்தப் பேச்சு எப்போது ஓயுமோ தெரியவில்லை.

அதற்குப் பிறகுதான் அண்ணனின் ஞாயிற்றுக்கிழமைகள் தொடங்கின. பரீட்சை முடிவு வந்தால் திம்புள்ள, றொசல்ல பக்கங்களில் இருந்தெல்லாம் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வருவார்கள். ஒருமுறை ஒரு தகப்பன், "மாஸ்டர், இவன இன்ஜினியருக்குப் போட்டு விடுங்க" என்றார்.

"இவன் படிச்சது கலைப்பிரிவுங்க."

"அதுக்கென்னாங்க? நீங்க ஒரு வார்த்த சொன்னா போட மாட்டாங்களா?"

"நீங்க மொதல்ல வெளிய இருங்க!"

யார் வந்தாலும் இதே கதைதான். தகப்பன் வெளியே போவார். பிள்ளை பேசும்வரை அண்ணன் காத்திருப்பார். அந்த வீட்டில் அவர் பேசாமல் இருந்த நேரம் அது ஒன்றுதான். பக்கத்து வீட்டுப் பையன் எடுத்த பாடத்தை எடுக்காதே, இப்போது அங்கே படிக்கிற ஒருவரைத் தேடிக் கேள், ஆங்கிலம் விளங்காவிட்டால் விளங்கவில்லை என்று சொல், கொஞ்ச நாளைக்காவது சாப்பாட்டை மற்றவர்களோடு சாப்பிடு என்பார். வெளியே வந்து பெற்றோரிடம், "ஒரு பை. கூட ஒருத்தர். அவ்வளவுதான்" என்பார். எல்லோரும் தலையாட்டிவிட்டு, வேன் பிடித்துச் சாக்கும் பெட்டியுமாகப் போவார்கள். எத்தனை சொல்லியும் இது மாறவில்லை. யார் யார் என்று என் டயரியில் இருக்கிறது. மரியாதைக்காக இங்கே எழுதவில்லை.

கடைசி நாட்களில் நெஞ்சு வருத்தத்தால் அண்ணன் நுவரெலியா ஆஸ்பத்திரியில் இருந்தார். பக்கத்துக் கட்டில்காரரைப் பார்க்க வந்த அவர் மகனிடமும், "நீ என்னா படிக்கப் போற?" என்று தொடங்கிவிட்டார். தாதி வந்து சிங்களத்தில், "மாஸ்டர், கதா கரன்ன எபா!" என்று பேச வேண்டாமெனக் கண்டித்தார். அண்ணன் கட்டில்காரரைக் காட்டி, "நான் எங்க பேசுறேன்? இவருதான் புள்ளயப் பேச விடாமப் பேசிக்கிட்டிருக்காரு" என்றார். அந்த வாரமே அமைதியாகக் கண் மூடினார்.

அவரைப் பார்த்துக்கொண்ட வைத்தியர்களுக்கும் தாதியருக்கும், இறுதிக் கிரியைகளை முன்னின்று நடத்திய தலைவருக்கும் லயத்து மக்களுக்கும், அவருடைய பாடசாலைக் குடும்பத்துக்கும், யாழ்ப்பாணத்தில் இருந்து வந்து தங்கச்சியோடு இருந்த தோழிக்கும், வேன் வேனாக வந்து சேர்ந்த உங்கள் எல்லோருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அத்தனை வேன்களைப் பார்த்திருந்தால் அண்ணன் என்ன சொல்லியிருப்பார் என்று உங்களுக்கே தெரியும்.

அன்று அண்ணனுக்கு மண் போட்டுவிட்டுத் திரும்பும்போது ஒருவர் மகளோடு என் பக்கத்தில் வந்தார். "புள்ளைக்கு ரிசல்ட் வந்திருக்குங்க. மாஸ்டரும் போயிட்டாரு. இனி நாங்க யாரைக் கேக்குறது?" என்றார். அந்த நேரத்திலும் இந்தக் கேள்வியா என்று எனக்குக் கோபம் வந்தது. அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டு நின்றாள்.

"நீங்க கொஞ்சம் முன்னால நடங்க" என்று அவரிடம் சொல்லிவிட்டு, நான் அவளோடு பின்னால் நின்றேன்.