கூரையேறிய சேர்மன்

இரண்டாயிரத்துக்குப் பிந்திய முதல் பத்தாண்டு முடியப்போகும் காலம். டயகமப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து ஆபீஸில் நான் கிளாக்கராக இருந்தேன். கொழும்புத் தலைமையகத்துக்குத் திடீரென்று ஒரு கவலை பிறந்தது. தோட்டங்களில் இருப்பவர்கள் மனம்விட்டுப் பேசிக்கொள்வதில்லையாம். அதற்காகக் கம்பனிக்குள் மட்டும் நடக்கிற ஓர் இணையதளத்தை வாங்கினார்கள். அதில் உத்தியோகத்தர்கள் படம் போடலாம், கருத்து எழுதலாம், பிறர் போட்டதற்கு விருப்பம் அழுத்தலாம்.

பழக்கிவிட ஒரு கணினிக்காரர் வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், பொறுமைசாலி.

"இதில போட்டால் சேர்மனே நேரில பார்ப்பார்" என்றார்.

"பாத்துட்டு என்னங்க செய்வாரு?"

"விருப்பம் போடுவார்."

வாரம் ஒரு பதிவாவது போடாத தோட்டத்தின் பெயர் கொழும்பில் சிவப்பாகத் தெரியும் என்று தோட்டத்து மேனேஜரான துரைக்குச் சொல்லியிருந்தார்கள். துரை எங்களை விரட்டினார். முற்றத்துக்கு அந்தப் பக்கம் தேயிலைத் தொழிற்சாலையைப் பார்த்துக்கொள்கிற டீமேக்கர், தினமும் எனக்கு இணையத்தில் காலை வணக்கம் அனுப்பினார். அனுப்பிவிட்டு ஜன்னலைத் திறந்து, "வந்திருச்சாங்க?" என்று கத்துவார். "இன்னும் சுத்திக்கிட்டே இருக்குங்க" என்று நானும் கத்துவேன். மனம்விட்டுப் பேசியாகிவிட்டது.

அந்த மழைக்காலத்தில் பிள்ளைக் காம்பராவின் தகரங்களைக் காற்று பிய்த்துக்கொண்டு போனது. கொழுந்தெடுக்கப் போகும் பெண்கள் கைக்குழந்தைகளை விட்டுப்போகிற இடம் அது. அங்கே பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற ஆயம்மா முந்தானை சொட்டச் சொட்ட ஆபீஸுக்கு வந்தார்.

"கிளாக்கரய்யா, நான் எந்த மூலைக்குத்தான் தொட்டில நகத்துறது? ஒண்ணு விடாம நனையுதுங்க."

துரை கொழும்புக்கு ஏற்கெனவே சொல்லியிருந்தார். பதிலே இல்லை. சேர்மன் நேரில் பார்ப்பார் என்று அந்தக் கணினிக்காரர் சொன்னதை நம்பி, நான் கேமராவோடு போனேன். கீழே நனைந்த சேலைத் தொட்டில்கள், மேலே பெரிய ஓட்டை, ஓட்டைக்குள் பனிமூட்டத்தோடு மலை. 'பிள்ளைக் காம்பராவின் இன்றைய நிலை' என்று எழுதிப் போட்டேன்.

விருப்பங்கள் குவிந்தன. "என்ன அழகான காட்சி!" என்றது கணக்குப் பிரிவு. "இயற்கையோடு இணைந்த கட்டடம்" என்று ஒரு டைரக்டர் எழுதினார். விடுமுறைக்கு வந்து தங்க முடியுமா என்று ஒருவர் கேட்டார். "ஐயா, மழை உள்ளே கொட்டுகிறது" என்று பதில் போட்டேன். "கொடுத்துவைத்தவர்கள்" என்று அவர் எழுதினார். சேர்மனும் விருப்பம் அழுத்தினார். எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை.

அந்த மாதத்தின் சிறந்த படம் என்று அதற்குப் பரிசு கிடைத்தது. பரிசு ஒரு பெரிய பிளாஸ்டிக் பேனர். ஒரு பாதியில் நான் எடுத்த படம், மறுபாதியில் சேர்மனின் சிரித்த முகம், அடியில் 'நாம் ஒரே குடும்பம்'. ஆபீஸ் வாசலில் கட்டிக் கைதட்டினோம். கூட்டம் கலைந்தபின் ஆயம்மா அதன் ஓரத்தை விரலால் தேய்த்துப் பார்த்தார்.

"இது தண்ணிய உள்ள விடுங்களாய்யா?"

துரை சட்டென்று வேறு பக்கம் திரும்பி மலையைப் பார்க்க ஆரம்பித்தார். அனுமதி கிடைத்துவிட்டது என்று எங்களுக்குப் புரிந்தது.

மத்தியானத்துக்குள் பேனர் கூரையேறியது. சேர்மன் முகம் வானத்தைப் பார்க்கும்படி கட்டச் சொன்னவர் ஆயம்மாதான். "உள்பக்கமா வச்சா, மல்லாக்கப் படுத்திருக்கிற புள்ளைக பயந்து அழும்ங்க" என்றார்.

கொஞ்ச நாள் குழந்தைகள் நனையாமல் தூங்கினார்கள். பிறகு தலைமையகத்து அதிகாரி ஒருவர் வேறொரு தோட்டத்துக்குப் போகிற வழியில், மேல்ரோட்டு வளைவிலிருந்து சேர்மனைப் பார்த்துவிட்டார். வண்டியை நிறுத்தி இறங்கி ஓடிவந்தார்.

"சேர்மன் முகத்தில் காகம் எச்சமிட்டிருக்கிறது!"

"மழ பேஞ்சா கழுவிக்கிட்டுப் போயிருங்க" என்று ஆயம்மா ஆறுதல் சொன்னார்.

அதிகாரி சிக்னல் கிடைக்கிற மேட்டுக்கு ஏறிப் போய்க் கொழும்போடு பேசினார். மறுநாளே லொறியில் புதுத் தகரம் வந்தது. பேனரை மட்டும் கழுவித் திருப்பி அனுப்பச் சொன்னார்கள்.

புதுக் கூரையையும் படமெடுத்துப் போட்டேன். "முந்தைய படத்தில் இருந்த உயிர் இதில் இல்லை" என்று ஒரே ஒரு கருத்து வந்தது. அதைச் சொல்லிச் சிரிக்கலாமென்று பிள்ளைக் காம்பராவுக்குப் போனேன். ஆயம்மா ஒரு தொட்டிலை ஆட்டிக்கொண்டே உதட்டில் விரலை வைத்தார்.

"மெல்லப் பேசுங்கய்யா. இப்பத்தான் கண்ண மூடுச்சு."