எட்டு வருடமாக நகராத கறுப்பு

மொரப்பூர்ப் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் நான் விளையாட்டு ஆசிரியை. கபடி ஆட்டத்துக்கு நடுவராக நிற்பதென்றால் எனக்கு உயிர். நாற்பத்தேழு வயதில் ஒரு மாலை, ஆடிய பெண் இடது பக்கக் கோட்டைத் தாண்டிக் கால் வைத்ததை நான் பார்க்கவே இல்லை. எதிரணிப் பிள்ளைகள் கத்தினார்கள். மறுவாரமும் அப்படியே நடந்தது. கண்ணாடி மாற்றினால் சரியாகிவிடும் என்று சேலத்துக்குப் போனேன்.

கண் மருத்துவர் என்னைவிட இளையவர். கண்ணுக்குள் அழுத்தம் ஏறியிருக்கிறது, கிளாக்கோமா என்றார். பக்கவாட்டுப் பார்வையைச் சோதித்த தாளில், பார்வை போன இடம் கறுப்பாக ஒரு திட்டு. இடது கண்ணில்தான் அதிகம்.

“போனது திரும்ப வராதுங்க மேடம். இருக்கறதக் காப்பாத்திக்கலாம்.”

மூன்று சொட்டு மருந்துகள் எழுதிக் கொடுத்தார். போட்டால் கண் எரிந்து சிவந்தது. நான் அழுதுவிட்டு வருவதாகப் பிள்ளைகள் நினைத்தார்கள். சில நாள் மறந்தேன், சில நாள் வேண்டுமென்றே விட்டேன். இரண்டு வருடத்தில் கறுப்பு பெரிதாகிவிட்டது. விசிலை இன்னோர் ஆசிரியரிடம் கொடுத்துவிட்டு, புள்ளி எழுதும் மேசையில் போய் உட்கார்ந்தேன். காரணத்தை யாரிடமும் சொல்லவில்லை.

அதற்குள் கண்புரையும் சேர்ந்துகொண்டது.

“புரைய எடுக்கறப்பவே, கண்ணுக்குள்ள ஊறற தண்ணி வடியற எடத்துல ஒரு குட்டிக் குழாய் வெச்சிடலாம், அழுத்தம் கொறையும். அரிசி நுனி அளவுகூட இருக்காது. ஆனா எத்தன வருசம் தாங்கும்ங்கறது ஆளுக்கு ஆள் மாறும். விடாம வந்து காட்டணும்” என்றார் மருத்துவர்.

வீட்டில் சொன்னதும் கணவர் பதறினார். “கண்ணுக்குள்ள குழாயா? ஏதாச்சும் ஆயிட்டா?”

“சும்மா இருந்தாலும் ஆகத்தாங்க போவுது. பயமாத்தான் இருக்குது. ஆனா செஞ்சுக்கறேன்.”

காலண்டரை எடுத்து வந்து என் முன் வைத்தார். பிறகு, “தேதி கேளு. வூட்டப் பூட்டிட்டு நானும் வரேன்” என்றார்.

முதலில் இடது கண், அடுத்த மாதம் வலது. சொட்டு மருந்துகள் நின்றன. அடுத்த போட்டிக்கு விசிலைத் திரும்பக் கேட்டு வாங்கினேன். தெரியாத ஓரத்துக்காகத் தலையைத் திருப்பிப் பார்க்கப் பழகிக்கொண்டேன். ஒரு கால்கூடத் தப்பவில்லை.

நான்காம் வருடம் இடது கண்ணில் அழுத்தம் சற்று ஏறியது. எல்லாம் போச்சு என்று நினைத்தேன். ஒரே ஒரு மருந்து போதும் என்றார் மருத்துவர். அதை ஒரு நாளும் விட்டதில்லை.

சென்ற மாதம் எட்டாம் வருடச் சோதனை. இருட்டறையில் தாடையைப் பொருத்தி உட்கார்ந்து, வெளிச்சப் புள்ளி தெரிந்தபோதெல்லாம் பொத்தானை அமுக்கினேன். முடிந்ததும், அறுவை சிகிச்சைக்கு முன் எடுத்த தாளையும் புதிய தாளையும் மருத்துவர் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். தேதிகளைக் கையால் மறைத்துக்கொண்டார்.

“எது பழசு, சொல்லுங்க பாக்கலாம்.”

உற்று உற்றுப் பார்த்தேன். சொல்ல முடியவில்லை.

“அதே கறுப்புதாங்க. ஒரு அடிகூட நகரல” என்றார் மருத்துவர்.

கூட வந்திருந்த கணவரும் எட்டிப் பார்த்து, “எனக்கும் ரெண்டும் ஒண்ணாத்தாங்க தெரியுது டாக்டர்” என்றார். மூவரும் வாய்விட்டுச் சிரித்தோம்.

திரும்பும் ரயிலில் ஏறியதும் அவர் போனை எடுத்தார். என் தங்கைக்கு, அவர் அண்ணனுக்கு, தலைமையாசிரியருக்கு என்று வரிசையாகக் கூப்பிட்டு, பெட்டி முழுக்கக் கேட்கும்படி, “அதே கறுப்புதான், ஒரு அடிகூட நகரல” என்று சொன்னார். பொம்மிடி தாண்டியும் பேச்சு ஓயவில்லை. நான் நிறுத்தச் சொல்லவில்லை.