தகரத்துக்கு மேல் ஓலை

எங்கள் வீட்டுச் சுவர் ஒன்றரை முழ அகலம். கடற்கல்லை அடுக்கிச் சுண்ணாம்புச் சாந்து பூசிய சுவர். நெடுந்தீவில் கல்லுக்கு என்ன பஞ்சம், வேலிகூடக் கல்வேலிதான். சித்திரை வெயிலில் நின்றுவிட்டு உள்ளே வந்தால் கிணற்றுக்குள் இறங்கியது போல உடம்பு குளிரும். மார்கழியில் வாடைக் காற்று கடலிலிருந்து ஊளையிட்டுக்கொண்டு வரும்போது அதே சுவருக்குள் கதகதப்பாக இருக்கும். மேலே பனையோலைக் கூரை. அம்மா எனக்குச் சீதனமாகத் தந்துவிட்டுக் கண்ணை மூடிய வீடு அது.

கலியாணமாகி இரண்டாம் வருடம் என் கணவர் மலாயாவுக்குக் கப்பலேறினார். ரயில்வேயில் கிளாக்கர் வேலை. பிள்ளை குட்டி இல்லை. அவருடைய ஆட்கள் காரைநகரில் இருந்தார்கள். வருடத்தில் ஒரு முறை வந்து, என் கையால் சாப்பிட்டு, நான் மெலிந்துவிட்டேன் என்று சொல்லிவிட்டுப் போவார்கள். ஆக, வீடும் நானும் இரண்டு ஆடுகளும்.

அவர் போய் மூன்றாம் வருடம் ஒரு கடிதம் வந்தது. ஓலையைப் பிரித்துவிட்டுத் தகரம் போடச் சொல்லியிருந்தார். தோணியில் வருகிறவன் எல்லாம் தூரத்திலேயே பளபளப்பைக் கண்டு, அது ஆருடைய வீடு என்று கேட்க வேண்டுமாம். அவர் மட்டும் ஆசைப்பட்டார் என்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். எனக்கும் ஆசைதான். ஊர்காவற்றுறையிலிருந்து தகரம் வந்து இறங்கிய அன்று, துறையில் நின்ற சனம் முழுக்கப் பார்க்கட்டும் என்று நானே வண்டிக்குப் பின்னால் நடந்து வந்தேன்.

அந்த ஆசையில் நான் விட்ட பிழையைச் சொல்ல வேண்டுமானால், எங்கள் ஊரில் வீடு மேய்கிற முறையைச் சொல்ல வேண்டும். ஆவணி புரட்டாசியில், மாரிக்கு முன்னம், வீட்டுக்கு வீடு முறை வைத்து ஓலை மாற்றுவார்கள். கூலி என்ற பேச்சே கிடையாது. என் வீட்டுக்கு நீ வந்தால் உன் வீட்டுக்கு நான் வருவேன். ஆண்கள் மேலே ஏறுவார்கள், பெண்கள் ஓலை எடுத்துக் கொடுப்பார்கள். அன்று அந்த வீட்டு முற்றத்தில் பெரிய பானையில் கூழ் காய்ச்சுவார்கள். எல்லோரும் பனையோலையைக் கிண்ணம் போல மடித்துப் பிளா கோலி, சுற்றியிருந்து குடிப்பார்கள். ஆண் துணை இல்லாத நான் எல்லா வீட்டுக்கும் கூழ் காய்ச்சப் போவேன். என் கூழ் உறைப்புக் கூட என்று வருடா வருடம் திட்டுவார்கள். திட்டித் திட்டி மூன்று பிளா குடிப்பார்கள்.

தகரம் ஏறி முடிந்த அன்று வேடிக்கை பார்க்க வந்து நின்றவர்களிடம் நான் சிரித்துக்கொண்டு சொன்னேன்:

“இனி உங்களுக்கு என்னாலை ஒரு கரைச்சலும் இல்லை, பாருங்கோ.”

முன்வீட்டு அக்கா மேலே பார்த்தார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர், விதவை, வாய் கொஞ்சம் நீளம்.

“ஓம் பிள்ளை,” என்றார். “இனி நீ ஒருத்தரையும் தேடத் தேவையில்லைத்தானே.”

நான் அதை வாழ்த்து என்றே எடுத்துக்கொண்டேன். புத்தி கெட்டவள்.

அடுத்த ஆவணியில் அக்கா வீடு மேய்ந்தார்கள். என்னைக் கூப்பிடவில்லை. மறந்திருப்பார்கள் என்று கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு என் வேலிப் படலையடியில் நின்றேன். கூழ் கொதிக்கிற மணம் வந்தது. சிரிப்புச் சத்தம் வந்தது. என்னை ஒருவரும் கேட்கவில்லை. கோபத்தில் ஆட்டுக்கு வைத்த தண்ணீரைக் காலால் தட்டிவிட்டேன். அவர்கள் என்னை வெறுக்கவில்லை என்பது மெல்ல மெல்லத்தான் விளங்கியது. திருப்பிச் செய்ய முடியாத உதவியை ஒருவரிடம் கேட்பது எங்கள் ஊரில் வெட்கக்கேடு. என் கூரைக்கு இனி அவர்கள் கை தேவையில்லை. ஆகவே என் கையை அவர்கள் எப்படிக் கேட்பார்கள்? மரியாதையாகத்தான் என்னைத் தள்ளி வைத்தார்கள். வெறுத்திருந்தால் சண்டை பிடித்தாவது தீர்த்திருப்பேன்.

தகரம் தன் குணத்தையும் காட்டியது. காலை பத்து மணிக்கே உள்ளே அடுப்புக்குள் இருப்பது போல வெக்கை. ஒன்றரை முழச் சுவர் இருந்து என்ன, தலைக்கு மேலே நெருப்பை வைத்துக்கொண்டு? மார்கழி விடியலில் தகரம் வியர்த்து, பாயில் சொட்டுச் சொட்டாக விழும். மாரி மழை பெய்தால் என் குரல் எனக்கே கேட்காது. கேட்க வேண்டிய தேவையும் இருக்கவில்லை. பேச ஆள் இல்லை.

பிறகு யுத்தம் வந்தது. ஜப்பான்காரன் மலாயாவைப் பிடித்துவிட்டான் என்றார்கள். கடிதம் நின்றது. முதல் மாதம் தபால் தோணிக்குப் பார்த்திருந்தேன். ஆறாம் மாதம் பார்க்காதவள் போலப் பார்த்திருந்தேன். இருக்கிறாரா இல்லையா என்று சொல்ல ஓர் ஆள் இல்லை. கேட்டு வருகிறவர்களும் நாலு நாளில் அலுத்துப்போனார்கள். தாலியைக் கட்டிக்கொண்டு அந்தத் தகரத்துக்குக் கீழே புழுங்கிக்கொண்டிருந்தேன்.

அடுத்த வருடத்துச் சித்திரை பொல்லாத சித்திரை. தகரத்தின் மேல் தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன். கிணற்றில் இருந்ததே அரைக் கிணறு உவர்த் தண்ணீர், ஊற்றிய இடம் சீறிக் காய்ந்து உப்புப் பூத்தது. உள்ளே சாக்கை விரித்துக் கட்டினேன். எலி குடும்பத்தோடு குடியேறியது. கடைசியாக ட்ரங்குப் பெட்டியைத் திறந்தேன். அவருடைய வேட்டிகள் ஏழு இருந்தன. உடுத்து மடித்தபடியே கிடந்தவை. சீலைத் துணிக்குத் தட்டுப்பாடான காலம், வேறு துணி இல்லை. ஏழையும் ஒன்றோடு ஒன்று தைத்து, தகரத்துக்கு ஒரு முழம் கீழே, அறையை மூடி இழுத்துக் கட்டினேன். வெக்கை கொஞ்சம் தணிந்தது. நன்றாகத் தணியட்டும் என்று கதவையும் அகலத் திறந்துவிட்டு, குசினியில் மீன் குழம்பை அடுப்பில் வைத்தேன்.

எங்கள் பக்கத்தில் வீட்டுக்குள் மேலே வெள்ளைத் துணி கட்டுவது இரண்டு காரியத்துக்குத்தான். ஒன்று கலியாணம், மற்றது செத்தவீடு. என் வீட்டில் கலியாணம் கட்ட ஆர் இருக்கிறார்கள்? இது எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் ஒரு வருடமாக ஒருவரும் எட்டிப் பார்க்காத வீட்டில், இதை ஆர் காணப் போகிறார்கள் என்ற எண்ணம்தான். கல்வேலி நெஞ்சளவு உயரம் என்பதையும், கதவு திறந்து கிடப்பதையும் மறந்துவிட்டேன். போதாக்குறைக்கு முதல் நாள் தபால்காரர் என் படலையில் நின்று தண்ணீர் வாங்கிக் குடித்திருந்தார். அதையும் ஊர் கண்டிருக்கிறது.

குழம்பு கொதி வருகிற நேரம். முற்றத்தில் ஓவென்று ஓர் ஓலம். நான் அகப்பையோடு திரும்பினேன். முன்வீட்டு அக்கா தலைமயிரை அவிழ்த்துவிட்டு, மார்பில் அடித்துக்கொண்டு ஓடி வந்தார். பின்னால் ஏழெட்டுப் பெண்கள். அக்கா என்னைக் கட்டிப் பிடித்தார்.

“என்ரை ராசாத்தி! உன்னைத் தனிய விட்டிட்டுப் போயிட்டாரேடி!”

ஒருத்தி நேரே குசினிக்குள் போய் என் அடுப்பில் ஒரு செம்புத் தண்ணீரை ஊற்றினாள். செத்தவீட்டில் அடுப்பு எரியக் கூடாது.

இவர்களுக்கு ஏதோ செய்தி வந்திருக்கிறது என்று நினைத்தேன். எனக்குத்தான் செய்தி வந்திருக்கிறது என்று அவர்கள் நினைத்திருக்கிறார்கள். பெண்கள் என்னை நடுவில் இருத்தி, தோளோடு தோள் கட்டிக்கொண்டு ஒப்பாரி வைத்தார்கள். அவர் நடந்த நடையையும், அவர் கட்டிய வெள்ளை வேட்டியையும் சொல்லிச் சொல்லி அழுதார்கள். ஒருத்தியின் கை என் முதுகைத் தடவியபடியே இருந்தது. என் முதுகில் இன்னொரு கை பட்டு எத்தனை வருடம்!

இதை நான் ஒருவருக்கும் சொன்னதில்லை. அவர் செத்துவிட்டார் என்று நம்பிய அந்த நேரத்தில் என் மனத்தில் முதலில் வந்தது அவர் முகம் அல்ல. இனி எட்டு நாளைக்கு இவர்கள் என்னோடு இருப்பார்கள் என்பதுதான் வந்தது.

கொஞ்ச நேரம் போனது. அக்கா மூக்கைச் சிந்திவிட்டுக் கேட்டார்:

“கடிதத்திலை என்னெண்டு எழுதிக் கிடக்கு, பிள்ளை?”

“என்ன கடிதம்? உங்களுக்கு ஆர் சொன்னது?”

“நீதானே வெள்ளை கட்டியிருக்கிறாய்!”

நான் மேலே பார்த்தேன். ஏழு வேட்டியும் அசையாமல் நின்றன.

“அது வெக்கைக்குக் கட்டினனான், அக்கா.”

ஒப்பாரி அப்படியே நின்றது. ஒருத்தி கிளுக்கென்று சிரித்துவிட்டு வாயைப் பொத்தினாள். இருக்கிற மனிசனுக்கு அழுதால் ஆயுள் கூடும் என்று ஒருத்தி சொன்னாள். அழுததற்கு முழுக வேண்டுமா வேண்டாமா என்று இரண்டு பேர் வாதாடத் தொடங்கினார்கள். அக்காவுக்கு வந்த கோபம் சொல்லி முடியாது. அவிழ்ந்த மயிரை முடிந்துகொண்டே திட்டினார்.

“விசரி! தாலியோடை இருக்கிறவள் வீட்டிலை வெள்ளை கட்டுவாளோ? எங்கடை ஈரக்குலை நடுங்கிப் போச்சு. எழும்புங்கோ, போவம்.”

எல்லோரும் எழுந்தார்கள். சீலையைத் தட்டினார்கள். முதுகில் இருந்த கை எடுபட்டது.

அப்போதுதான் நான் அழுதேன். வாய்விட்டு, குழந்தைப்பிள்ளை மாதிரி, நிலத்தில் இருந்து அழுதேன். வாசல் வரை போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அக்கா வந்து முன்னால் குந்தினார்.

“இப்ப என்னத்துக்கடி அழுகிறாய்? அவர் சாகேல்லையே.”

“இதுக்குள்ளை இருக்க ஏலாது, அக்கா,” என்றேன். “இந்தத் தகரத்துக்குக் கீழை தனிய இருக்க ஏலாது.”

அக்கா மேலே பார்த்தார். கையைத் தூக்கி வேட்டியையும் தாண்டி இறங்குகிற வெக்கையைப் பார்த்தார்.

“இதை முந்தியே வாயைத் திறந்து சொல்லுறதுக்கு உனக்கென்ன?” என்றார்.

தகரத்தைக் கழற்றுவதாகத்தான் முதலில் பேச்சு. நான் விடவில்லை. அவர் ஆசைப்பட்டுப் போடச் சொன்ன தகரம்; அவர் எங்கே என்று தெரியாத நேரத்தில் அதைக் கழற்றினால் நானே அவரை இல்லை என்று முடிவு கட்டியது போலாகும். தகரம் இருக்கட்டும், மேலே ஓலை போடுவோம் என்றார்கள். தகரத்துக்கு மேல் ஓலை போட்ட வீட்டை அதற்கு முன் ஊர் கண்டதில்லை. வழுக்குகிறதே என்று மரச் சலாகைகளைக் குறுக்கே கட்டி, அதில் ஓலையைப் பிணைத்து, காற்று தூக்காமல் பழைய மீன்வலையால் மூடி, ஓரங்களில் கல்லைத் தொங்கவிட்டார்கள். நான் கூழ் காய்ச்சினேன். உறைப்புக் கூட என்று திட்டினார்கள். அன்று பின்னேரம் உள்ளே போய் நின்றேன். பழைய குளிர்மை வந்திருந்தது. அடுத்த முறை எந்த வீடு என்று முற்றத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள்; என் பெயரும் அந்தப் பேச்சில் இருந்தது.

யுத்தம் முடிந்து ஒரு வருடம் கழித்து அவர் வந்தார். படலைக்கு வெளியே எலும்பும் தோலுமாக ஒருவர் நின்றார். தண்ணீர் கேட்க வந்தவர் என்று நினைத்துச் செம்பை எடுத்துக்கொண்டு போனேன். அவர் என்னைப் பார்க்கவில்லை, கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“தகரத்தை வித்துப்போட்டீரோ?” என்றார்.

ஒன்பது வருடத்துக்குப் பிறகு அவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி அதுதான். செம்பை அவர் தலையில் போடலாமா என்று இருந்தது. அவர் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப் போய், மேலே காட்டினேன். ஓலைக்குக் கீழே தகரம் பத்திரமாக இருந்தது. அவர் சுவரில் சாய்ந்து நிலத்தில் இருந்தார்.

“நல்ல குளிர்மை,” என்றார். பிறகு, “அங்கை ஜப்பான்காரன் எங்களை வைச்சிருந்ததும் தகரக் கொட்டிலுக்குள்ளைதான்.”

அவருக்குச் சோறு போட்டுக்கொடுத்துவிட்டு, வேட்டி கட்டிய கதையையும் ஒப்பாரிக் கதையையும் சொன்னேன். சிரிக்கட்டும் என்றுதான் சொன்னேன். சிரித்தார். சிரித்து முடித்து, சோற்றைப் பிசைந்தபடி கேட்டார்:

“நீரும் எனக்காக அழுதனீரோ?”

“ஓம்,” என்றேன். “எல்லாரையும்விட நான்தான் கூட அழுதனான்.”

அவர் தலையைக் குனிந்து சாப்பிட்டார். நான் இன்னொரு அகப்பை சோறு போட்டேன்.