டவர் விழுங்கிய மாத்திரை

போன வாரம் கடலூரில் ஒரு டாக்டர், பேஷன்ட் எதிரிலேயே கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சிரித்தார். சிரிப்புக்குக் காரணம் என் மச்சான். மச்சான் அப்படி ஆனதற்குக் காரணம்... நான்தானாம். என் மனைவி ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறாள். நீங்களே கேட்டுவிட்டுத் தீர்ப்புச் சொல்லுங்கள்.

எனக்குக் கொலஸ்ட்ரால் என்பது இந்தப் பக்கத்தை விடாமல் படிக்கிறவர்களுக்குத் தெரியும். நெய் ரோஸ்ட்டைப் பிரிந்த சோகத்தை இங்கேதானே புலம்பினேன்? அதைப் படித்துவிட்டோ என்னவோ, சிதம்பரத்தில் எங்கள் தெரு மெடிக்கல் ஷாப்காரர் ஒரு டப்பாவை நீட்டினார். "மீன் எண்ணெய் மாத்திரை சார். போடுங்க, எல்லாம் கரைஞ்சுடும்."

பொன்னிறத்தில், குண்டு குண்டாக, பளபளவென்று இருந்தது. பார்த்ததுமே பாதி கரைந்துவிட்ட மாதிரி ஒரு சந்தோஷம்.

போட்ட பிறகுதான் ஏப்பம் வந்தது. சாதா ஏப்பமா அது? காலையில் இரண்டு இட்லி சாப்பிட்டுவிட்டுக் கடலூர் பஸ்ஸில் ஏறினேன். புதுச்சத்திரம் வருவதற்குள் ஒன்று கிளம்பிவிட்டது. பக்கத்து சீட்டு அம்மா மூக்கைச் சுளித்து, "கருவாடு கொண்டாந்தா மேல டாப்புல போட வேணாமா?" என்று என் பையை முறைத்தார். பைக்குள் இருந்தது ஒரு பேனாவும் குடையும்!

இந்தச் சமயத்தில்தான் மச்சானுக்கும் டெஸ்டில் கொலஸ்ட்ரால் என்று வந்தது. செல்வம் என் மனைவியின் தம்பி. கடலூர் முதுநகரில் மீன்பிடிக் குடும்பம். அப்பா கடலுக்குப் போனார். பிள்ளை படித்து, அரசு ஆபீஸில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கிறான். வேலை மாறிவிட்டது, சாப்பாடு மாறவில்லை. வலை இழுத்தவருக்கு வைத்த அதே சோறுதான் மவுஸ் இழுக்கிறவனுக்கும்.

அந்த அப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போய்ச் சேர்ந்தவர். அதனால் கொலஸ்ட்ரால் என்றதுமே செல்வத்தின் மனைவி கனகா வெலவெலத்துப் போனாள்.

செல்வம் எனக்குப் போன் போட்டான். நான் சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில், ஹாரன் சத்தத்துக்கு நடுவே நின்றிருந்தேன்.

"மாமா, நீங்க என்னா எடுத்துக்கறீங்க?"

"மீன் எண்ணெய் மாத்திரை மச்சான்."

"வுட்டு வுட்டு கேக்குது மாமா. என்னாது, மீன் எண்ணெயா?"

"ஆமா, மீன் எண்ணெய்! டெய்லி, சாப்பாட்டோட..."

அதற்குமேல் டவர் இல்லை. நான் சொன்னதில் ஒரு வார்த்தை தப்பு உண்டா?

சில மாதம் கழித்து இருவரும் மறுபடி டெஸ்ட் எடுத்துக்கொண்டு, ஒன்றாகவே கடலூர் டாக்டரிடம் போனோம். கூடவே கனகா. செல்வத்தின் ரிப்போர்ட்டைப் பார்த்த டாக்டரின் புருவம் ஏறியது.

"போன தடவையைவிட ஜாஸ்தி ஆயிருக்கே. மருந்து என்ன எடுத்துக்கறார்?"

"மீன் எண்ணெ சார்," என்றாள் கனகா. "ஒரு நாள் தவறுனதில்ல. நானே குடுக்கறேன்."

"எந்த பிராண்டு?"

"அது வரத்தப் பொறுத்து சார். வஞ்சிரம் வந்தா வஞ்சிரம். இல்லன்னா சங்கரா."

கண்ணாடி கழன்றது அப்போதுதான். அந்த வீட்டில் மீன் எண்ணெய் என்றால் ஒன்றே ஒன்றுதான். வறுவலை எடுத்த பிறகு கல்லில் மிஞ்சுமே, மசாலா சிவந்து கிடக்கும் எண்ணெய்... அது! அதற்காகவே தினமும் மீன் வறுத்து, அந்த எண்ணெயைச் சுடுசோற்றில் ஊற்றிப் பிசைந்து கொடுத்திருக்கிறாள்.

டாக்டர் விளக்கியதும் நானும் சிரித்தேன். கனகா சிரிக்கவில்லை. "மாமனாருக்கு வந்தது இவருக்கு வந்துடக் கூடாதுன்னு சாமிய வேண்டிக்கிட்டுதான் அண்ணே ஊத்துனேன். என் கையாலயே ஊத்துனேனே..." என்று அழுதுவிட்டாள். எனக்குச் சங்கடமாகிவிட்டது. அத்தனை அக்கறையோடு யாராவது எனக்கு மாத்திரை கொடுத்திருக்கிறார்களா என்ன?

"ஒண்ணும் கெட்டுப்போயிடலம்மா," என்றார் டாக்டர். "வறுவல நிறுத்துங்க, மீன் கொழம்புலயே இருக்கட்டும். தினமும் நடக்கட்டும். நான் எழுதித் தர்ற மாத்திரைய மட்டும் போடட்டும்."

செல்வம் விடுவானா? "மாமாவுக்கு எவ்ளோ சார் கொறஞ்சிது?"

டாக்டர் என் ரிப்போர்ட்டைப் புரட்டினார். "ட்ரைகிளிசரைடுன்னு ஒரு கொழுப்பு, அது கொஞ்சம் எறங்கியிருக்கு. கெட்ட கொலஸ்ட்ரால் வச்ச எடத்துலயே இருக்கு. இந்த மாத்திரை அதுக்கானது இல்லையே சார். யார் போடச் சொன்னா?"

நான் சீலிங் ஃபேனைப் பார்த்தேன். கனகா கண்ணைத் துடைத்துக்கொண்டு, முதல்முறையாகச் சிரித்தாள்.

ஆக, மீன் எண்ணெய் இருவருக்குமே கைகொடுக்கவில்லை. இத்தனை மாதமாக இருவரும் விட்டது என்னவோ மீன் ஏப்பம்தான். ஆனால், மீனைத் தின்றுவிட்டு விட்டவன் அவன் ஒருத்தன்தான்!